வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னது தவறா?

கேள்வி: டர்பனில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பாட்டுக் கேட்போம். சென்ற மாதம் எங்களில் மூத்த அண்ணன் ஒருவர், பெருந்தொகை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர் வயரைப் பூட்டிவிட்டு ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்டார். மற்றவர்கள் ஆகா என்றார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றேன். இதெல்லாம் வியாபாரத் தந்திரம் என்றும் சொல்லிவிட்டேன். அன்று முதல் அவர் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. நான் பொய் சொல்லியிருக்க வேண்டுமா?
- வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று நீங்கள் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். வித்தியாசம் தெரியவில்லை என்பது உங்கள் காது தரும் சாட்சி. அதை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. வியாபாரத் தந்திரம் என்பதோ, எந்தச் சோதனையும் செய்யாமல், அவர் ஏமாந்துவிட்டார் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்ன தீர்ப்பு. அவர் மனம் நொந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணனும் பொய் சொல்லவில்லை. கண்ணும் எதிர்பார்ப்பும் காதை மாற்றிவிடும். ஒலியியல் ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகிய இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டவர்களின் மதிப்பெண்கள், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது மாறிவிட்டன. இதை நான் அனுபவித்தே அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் புதிய ஆம்ப்ளிஃபையரில் நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டு, சீவாளியில் மூச்சு உரசுவதுகூடக் கேட்கிறது என்று நண்பர்களிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். ஒரு தம்பி, "இன்னொரு முறை சேர்ந்து கேட்போமா, அண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சோதனை ஒலியை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். பழையதைவிடப் புதியது அரை டெசிபல் அளவுக்கு, அதாவது மிகச் சிறிதளவு, உரக்க ஒலித்திருக்கிறது. இரண்டின் ஒலியளவையும் சமன்செய்த பிறகு எது எதுவென்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் தம்பியின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

இத்தகைய வித்தியாசம் யாருக்குமே கேட்காது என்று அடித்துச் சொல்பவர்களுக்கும் அடக்கம் வேண்டும். உயர்தெளிவு ஒலிப்பதிவை சிடி தரத்துடன் ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஒரு சோதனையில் 554 முறைகளில் 276 மட்டுமே சரி; குருட்டாம்போக்கில் சொன்னாலும் அவ்வளவு வரும். ஆனால் ஆய்வாளர் ஜோஷுவா ரைஸ் 2016-இல் இதே பற்றிய 18 ஆய்வுகளைத் தொகுத்தபோது 52.3 விழுக்காடு சரியாக இருந்தது. சிறியதே ஆனாலும் அது உண்மையான வேறுபாடு.

வயரைப் பொறுத்தவரை கணக்கு உங்கள் பக்கம்தான் சாய்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியை 3 மீட்டர் இழுத்தால், போக வர மின்தடை ஏறத்தாழ 0.04 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆயினும் இந்தக் கணக்கோடு அவர் வாசலில் போய் நிற்காதீர்கள். தனியே சென்று, தந்திரம் என்று சொன்னதற்கு மட்டும் வருத்தம் தெரிவியுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றதற்கு வேண்டாம். பிறகு, மின்வெட்டு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சேர்ந்து சோதிக்கலாமா என்று கேளுங்கள். பாட்டை அவரே தேர்ந்தெடுக்கட்டும். திரைக்குப் பின்னால் ஒருவர் நாணயம் சுண்டி 16 முறை வயரை மாற்றட்டும். நீங்களும் அதே நாற்காலியில் உட்கார்ந்து சோதனைக்கு உட்படுங்கள். 12 அல்லது அதற்கு மேல் அவர் சரியாகச் சொன்னால், அது தற்செயலாக அமைய 100-க்கு 4-க்கும் குறைவான வாய்ப்பே உண்டு. "அண்ணா, உங்களுக்குக் கேட்கிறது" என்று எல்லோர் முன்னிலையிலும் நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். எட்டோ ஒன்பதோ வந்தால் எதுவும் பேசாதீர்கள். வயரைக் கழற்றுவதா வைத்திருப்பதா என்பதை அவர் முடிவு செய்துகொள்வார்.