எல்லாமே கட்டம்தானா?

கேள்வி: எட்டாம் வகுப்பில் கல்லுப்பு, டைமண்ட் கற்கண்டு, படிகாரம் மூன்றையும் கொடுத்து வடிவப்படி பிரிக்கச் சொன்னேன். பெரிசு சின்னது என்று பிரித்தவர்கள்தான் அதிகம். ஒரு பையன் "எல்லாமே கட்டம்தான் மிஸ்" என்று எழுந்து போய்விட்டான். எப்படிப் புரிய வைப்பது?
- ஓர் ஆசிரியை, குடியாத்தம்

பதில்: அந்தப் பையனைத் திட்டாதீர்கள், முக்கால்வாசி சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். படிகத்தின் அளவு, அது வளர்ந்த விதத்தைப் பொறுத்து மாறும். ஒரே பொருளின் படிகங்களில் ஒத்த முகங்களுக்கு இடையே உள்ள கோணம் மட்டும் மாறாது. குவார்ட்ஸ் என்ற பளிங்குக் கல்லைப் பார்த்து, டென்மார்க் அறிவியலாளர் ஸ்டெனோ இதை 1669லேயே எழுதிவிட்டார். அதனால் கண்ணை நம்பாமல் மூலையை அளக்கச் சொல்லுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் மூலை போதும், அது 90 டிகிரி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உப்பில் எந்தப் பக்கம் வைத்தாலும் கச்சிதமாகப் பொருந்தும், முனை உடையாத கற்கண்டிலோ ஒரு பக்கம் சாய்ந்து, இடைவெளி தெரியும்.

படிகாரத்தில்தான் வம்பு. கடையில் வாங்குவது உடைத்த கட்டி, சலூனில் இருப்பது அறுத்த கட்டி. அந்த வடிவம் படிகத்துடையதே இல்லை. வகுப்பிலேயே வளர்த்துவிடுங்கள். வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, வடிகட்டி, ஆறியதும் சின்னப் படிகம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, துணி மூடி ஆடாத மூலையில் வையுங்கள். மொட்டைமாடிப் பக்கம் வேண்டவே வேண்டாம்: நம்ம வேலூர் வெயிலில் கரைசல் சூடேறி, மறுநாள் வெறும் நூல் தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன்! உப்புக்கு இந்த ஆறவைக்கிற வித்தை பலிக்காது, சூட்டிலும் குளிரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கரையும், தண்ணீர் வற்றித்தான் ஆகவேண்டும்.

வளர்ந்த படிகாரம் எட்டு முக்கோண முகங்களோடு நிற்கும். உப்போடு சேராது என்பார்கள் பிள்ளைகள். அப்போது ஓர் உருளைக்கிழங்கைக் கனசதுரமாக நறுக்கி, எட்டு மூலைகளையும் ஒரே அளவாகச் சீவிக்கொண்டே போங்கள், பழைய முகங்கள் மறைந்து எண்முகி வந்துவிடும். உப்பு, படிகாரம் இரண்டுமே ஒரே தொகுதி, அதாவது ஒரே வகைச் சமச்சீர் கொண்ட படிகக் கூட்டம். ஏழு படிகத் தொகுதிகளில் கனசதுரத் தொகுதி. தனியாக நிற்பது கற்கண்டுதான்.

அப்புறம், மயில்துத்தமும் (நீல நிறக் காப்பர் சல்பேட்) காட்டலாம், அதில் செங்கோணமே கிடையாது. ஆனால் அது விஷம், கண்ணாடிக் குப்பியை மூடி நீங்களே கையில் வைத்துக் காட்டுங்கள்.