கடையில் இ-ரீடரைக் கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பது?

கேள்வி: மின்னூல் படிக்கும் இ-ரீடர் ஒன்றை முதல்முறையாக வாங்கப் போகிறேன். தமிழ் நாவல்களும் கொஞ்சம் பிடிஎஃப்களும் படிப்பேன், பெரும்பாலும் இரவில் படுத்துக்கொண்டு. கடையில் சில நிமிடங்கள்தான் தொட்டுப் பார்க்க முடியும். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எத்தனை ஜிபி, பேட்டரி எத்தனை வாரம் என்று விசாரிப்பதில் அந்த நேரத்தைச் செலவிடாதீர்கள். அதெல்லாம் பெட்டியிலேயே இருக்கும். உங்கள் கண்ணும் கையும் மட்டுமே சொல்லக்கூடிய விஷயங்களுக்குத்தான் கடைக்குப் போக வேண்டும்.

இரவில் படிப்பவர் என்பதால் விளக்கில் தொடங்குங்கள். செல்போன்போல இதில் ஒளி திரைக்குப் பின்னாலிருந்து வருவதில்லை. விளிம்பில் உள்ள சின்ன எல்இடிகள் திரையின் மேல்பரப்பில் ஒளியைப் பரப்புகின்றன. கடையின் பளீர் வெளிச்சத்தில் எல்லாக் கருவியும் அழகாகத்தான் தெரியும். அதனால் கருவியை மேசைக்குக் கீழே தாழ்த்தியோ, கையால் மறைத்தோ நிழலுக்குக் கொண்டுபோய், விளக்கை மிகக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். அதுவே கண்ணை உறுத்தினால், இருட்டறையில் இன்னும் தொந்தரவாக இருக்கும். விளிம்பில் நிழல் பட்டைகள் விழுகின்றனவா, ஒரு மூலை மட்டும் வேறு நிறமாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஒளியை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றும் வசதி எல்லா மாடலிலும் கிடையாது. உங்களுக்கு அது அவசியம் என்றே சொல்வேன்.

அப்புறம் விளக்கை முழுதாக அணைத்துப் பாருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் உண்மையாகத் தெரியும். வண்ணத்திரை மாடலைக் கருப்பு வெள்ளைக் கருவிக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மேலே ஒரு வண்ண வடிகட்டி இருப்பதால் அதன் பின்னணி சற்றுச் சாம்பலாக இருக்கும். கலைடோ 3 என்ற வண்ணத்திரை வகையில் கருப்பு எழுத்து 300 பிபிஐ (ஓர் அங்குலத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை) என்றால் வண்ணம் 150தான். நாவலுக்குக் கருப்பு வெள்ளையே போதும்.

பக்கம் திருப்பும்போது திரை ஒருமுறை சட்டென்று கருப்பாகி மீள்வது கோளாறு அல்ல. முந்தைய பக்கத்தின் சாயலை அழிக்கிறது. திரையில் தோன்றும் விசைப்பலகை மெதுவாக இருப்பதும் இ-இங்க் எனும் இந்த மின்-மைத் திரையின் இயல்பு. அதைப் பார்த்துக் கருவியை ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் தொடர்ந்து பல பக்கங்கள் புரட்டிய பின்னும் பழைய எழுத்தின் சாயல் படிப்பதற்கு இடைஞ்சலாக இருந்தால் யோசியுங்கள்.

கையில் பிடிப்பதையும் சோதியுங்கள். 6 அங்குலக் கருவிகள் பல 160–180 கிராமுக்குள் இருக்கும், 7 அங்குலம் 200 கிராமைச் சுற்றி. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் படுத்துக்கொண்டு ஒற்றைக் கையில் பிடித்தால் மணிக்கட்டுக்குத் தெரியும். டெமோ கருவியில் திருட்டுத் தடுப்புக் கேபிள் தொங்கினால், அதை மறு கையால் தாங்கிக்கொண்டு எடை பாருங்கள். கட்டைவிரலை நகர்த்தாமல் பக்கம் திருப்ப முடிகிறதா? இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள்.

டெமோ கருவியில் விளம்பரம் மட்டும் ஓடினால், ஒரு நூலைத் திறந்து தரும்படி விற்பனையாளரிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம். தமிழ் நூல் கிடைத்தால் எழுத்தைச் சிறிதாக்கி ‘கொ’, ‘ஸ்ரீ’ போன்றவை சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். கொம்பு இடம் மாறி நின்றாலோ புள்ளிகளால் ஆன வட்டம் தெரிந்தாலோ தமிழ் அதில் ஒழுங்காக வராது. நல்ல எழுத்துரு இல்லாததுதான் குறை என்றால் பரவாயில்லை. கிண்டில், கோபோ என்ற இரண்டு இ-ரீடர் வகைகளிலும் எழுத்துருவை நாமே சேர்த்துக்கொள்ளலாம்.

பிடிஎஃப்தான் சிக்கல். ஏ4 அளவில் தயாரான பக்கத்தை 6 அங்குலத்தில் படிப்பது கஷ்டம். ஸ்கேன் செய்த பக்கமோ பழைய எழுத்துருக் குறியீட்டில் உள்ள தமிழோ என்றால், எழுத்தை மட்டும் பெரிதாக்கி வரிகளை மாற்றி அமைக்கவும் பெரும்பாலும் முடியாது. பிடிஎஃப் அதிகம் என்றால் 10 அங்குலத் திரையையும் ஒருமுறை பாருங்கள்.

புத்தகங்களை எங்கே வாங்குவீர்கள் என்பதை மட்டும் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். கிண்டில் கடையில் வாங்கிய, நகல் தடுப்புப் பூட்டுள்ள நூல்கள் கோபோவில் திறக்காது.

பணம் கட்டும் முன், பெட்டியைப் பிரித்துப் பயன்படுத்திய பிறகும் திருப்பித் தர முடியுமா, எத்தனை நாளுக்குள் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். அந்த நாட்களில் உங்கள் சொந்த நூலையும் ஒரு பிடிஎஃப்பையும் ஏற்றி, அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரமாவது படியுங்கள்.