ராய்டனும் 43 காசும்

வணக்கம் அண்ணா,

போன மாசம் நீங்க 90-கள்ல வந்த ஜப்பான் ஆர்கேட் கேம்ஸ் பத்தி எழுதினத படிச்சு ஆசைப்பட்டு ராய்டன் 2ன்னு விமானம் ஓட்டி சுடுற கேம எடுத்து ஆடினேன். பழைய மெஷின் கேம கம்ப்யூட்டர்ல ஓட்டுற எமுலேட்டர்ல காசு போடுறதுக்கு ஒரு பட்டன் இருக்கே, சாக சாக அத தட்டிட்டே இருந்தேன், மொத்தம் 43 காசு, கேம் முடிஞ்சிடுச்சு. முடிஞ்சப்புறம் ஒண்ணுமே தோணல. உண்மைய சொன்னா போர். இவ்ளோ புல்லட் வந்தா எவனால தப்பிக்க முடியும்? இது பூரா காசு புடுங்குறதுக்குன்னே செஞ்ச மெஷின், நீங்கல்லாம் சின்ன வயசு ஞாபகத்துல அத தூக்கி வச்சு பேசறீங்கன்னு தோணுது. எங்க அண்ணன் முஸ்தஃபா கேம் முஸ்தஃபா கேம்னு உயிர விடுவான், அதுவும் இதே ரகம்தானா? கடைசியா ஒண்ணு, கோச்சுக்காதீங்க. நீங்க இதுல எதையாவது ஒரே காசுல முடிச்சிருக்கீங்களா?

ஒரு வாசகர், ஈரோடு

தம்பி,

கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல. 43னு எண்ணி வச்சு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்காகவே பதில் போடணும்னு உக்காந்துட்டேன். ஆனா முக்கியமானத விட்டுட்டீங்களே, அந்த 43-ல மொத காசு எது வரைக்கும் போச்சு? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். மிச்சம் 42 காசும் நீங்க கேம் ஆடல, கேம் ஓடுறத பாத்துட்டு இருந்தீங்க. செத்தா அதே எடத்துல அடுத்த கப்பல், அதான் நம்ம விமானம், வந்து நிக்குது, வந்த உடனே கொஞ்ச நேரம் ஒண்ணும் ஆகாது, கையில பாம் இருக்கு, போட்டுட்டு போயிட்டே இருக்கலாம். இப்படி ஆடினா கடைசில வர பெரிய எதிரி, அந்த பாஸ்கூட ஸ்பீட் பிரேக்கர் மாதிரிதான், வண்டி ஒரு தடவ குதிக்கும், அவ்ளோதான்.

காசு புடுங்குற மெஷின்னு சொன்னீங்களே, அது பாதி சரி. ஆனா அந்த காசு யாருக்கு போச்சுன்னு பாருங்க. ஜப்பான்ல ஒரு ஆட்டத்துக்கு 100 யென். டோவாப்ளான்னு ஒரு சின்ன கம்பெனி இருந்துச்சு, இந்த மாதிரி சுட்டுட்டே போற ஷூட்டர் வகைய வளத்து விட்டதுல பெரிய பங்கு அவங்களோடது. அவங்க வித்தது கேம் இருக்கிற சர்க்யூட் போர்ட், அதுல பலதும் டைட்டோ மாதிரி பெரிய கம்பெனி வழியா கடைக்கு போகும். போர்ட வாங்கி பெட்டிக்குள்ள மாட்டி வைக்கிற கடைக்காரருக்குத்தான் அந்த 100 யென் விழுது. கடைக்காரருக்கு என்ன வேணும், ஒருத்தன் சட்டுனு செத்து எழுந்திரிக்கணும், பின்னாடி நிக்கிறவன் காசு போடணும். ஆனா ரொம்ப சட்டுனு சாகடிச்சா அவன் நாளைக்கு வரமாட்டான். கேம் ஓடலன்னா கடைக்காரர் யோசிக்கவே மாட்டாரு, ஜாமான்னு ஒரு பொது வயரிங் முறை வந்துடுச்சு, போர்ட கழட்டிட்டு வேற கம்பெனி போர்ட அதே பெட்டில சொருகிட்டு போயிட்டே இருப்பாரு. அதனால கேம் எழுதுறவங்க ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு செஞ்ச சாமான் இது, சீக்கிரம் சாகணும் ஆனா செத்தவனுக்கு 'ச்சே, இது என் தப்பு, அடுத்த தடவ பாரு'ன்னு தோணணும். அந்த 'என் தப்பு' இல்லாத கேம்தான் காசு புடுங்கி. அப்படியும் நெறைய வந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

சரி, எவனால தப்பிக்க முடியும்னு கேட்டீங்க. இத கொஞ்சம் பக்கத்துல போய் பாப்போம். ராய்டன் 2 மாதிரி கேம்ல வர புல்லட்ல பெரும்பாலானது உங்கள குறி வச்சு வரது. குறின்னா, டேங்க் சுடுற அந்த நொடில நீங்க எங்க இருக்கீங்களோ அந்த புள்ளிக்கு. அதுக்கப்புறம் நீங்க எங்க போனாலும் புல்லட் திரும்பாது, நேரா போயிட்டே இருக்கும். அப்போ எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா, புல்லட்ட பாத்ததும் பதறி அந்தப் பக்கம் ஒரு ஓட்டம் இந்தப் பக்கம் ஒரு ஓட்டம், அடுத்த டேங்க் உங்கள வேற எடத்துல பாத்து வேற கோணத்துல சுடும், ரெண்டு ஓட்டத்துல திரை பூரா புல்லட்ட நீங்களே தெளிச்சு வச்சுட்டீங்க. பழகினவன் என்ன பண்ணுவான்னா திரையோட ஒரு ஓரத்துல நின்னு ஸ்டிக்க தட்டித் தட்டி, ஒரு தட்டுக்கு கப்பல் அரை ஒடம்பு நகரும் அவ்ளோதான், அப்படியே மெதுவா அடுத்த ஓரத்துக்கு போவான். சுட்டதெல்லாம் அவன் வால்ல உரசிட்டு போகும், ஒண்ணும் மேல படாது. ஓரத்துக்கு வந்தப்புறம் எடம் இல்லையே, அப்போதான் சட்டுனு ஒரு கட் அடிச்சு, பின்னாடி வந்த புல்லட் கூட்டத்துக்கு நடுவுல ஒரு சந்த உண்டாக்கி அந்தப் பக்கம் போகணும். இத ஜப்பான்ல கிரிகாஎஷின்னு சொல்லுவாங்க. கட் அடிக்கிற நேரம் தப்புச்சுன்னா கதை முடிஞ்சுது, அந்த நேரம் கைக்கு பழகிட்டா அடுத்து எந்த ஷூட்டர் எடுத்தாலும் கை தானா அத பண்ணும். 43 காசு போட்டவருக்கு இந்த கட் ஒரு தடவகூட தேவைப்பட்டிருக்காது.

பாம் பத்தியும் ஒண்ணு சொல்லணும். முடியலன்னா அமுக்கி தப்பிச்சுக்கோன்னு ஆடுறவன் கையில ஒரு பாம்ம குடுத்து அத ஷூட்டர்ல நிலைக்க வச்சது டோவாப்ளான். 1985-ல டைகர் ஹெலி, அதுல பாம் ஹெலிகாப்டரோட ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். 1988-ல டாட்சுஜின், அதுல பாம் போட்டா திரை நெறைய மண்டை ஓடு வடிவத்துல வெடிக்கும், இன்னிக்கும் அத பாத்தா எனக்கு சின்னப் பையன் மாதிரி சிரிப்பு வரும். ஆனா அந்த டாட்சுஜின்ல செத்தா கொஞ்ச தூரம் பின்னாடி கொண்டு போய் விட்டுடுவாங்க, அதுவும் பவர் எல்லாத்தையும் புடுங்கிட்டு. முதல் ராய்டன், 1990-ல வந்தது, தனியா ஆடினா அதுலயும் அப்படித்தான். அதுல நீங்க 430 காசு போட்டாலும் தெரியாத எடத்த தாண்ட முடியாது, அதே சுவர்ல திரும்பத் திரும்ப முட்டிக்கிட்டு நிப்பீங்க. 1993-ல வந்த ராய்டன் 2 செத்த எடத்துலயே எழுப்பி விட்டுடுது, அதனாலதான் உங்களால அத 'முடிக்க' முடிஞ்சுது. சாமே! சாமே! சாமே!ன்னு 1989-ல இன்னொண்ணு. சாமேன்னா ஜப்பானிய மொழில சுறா. நம்ம காதுக்கு சாமிய கூப்பிடுற மாதிரி இருக்கும், ஆடிப் பாருங்க, நிஜமாவே கூப்பிடுவீங்க. அதுலயே தனியா ஆடுறதுக்கு ஒரு வெர்ஷன், ரெண்டு பேர் சேர்ந்து ஆடுறதுக்கு ஒரு வெர்ஷன்னு தனித்தனியா இருக்கு, தனியா ஆடுறதுதான் கொடூரம்.

அவுட் சோன் எடுத்து ஆடுங்க, அதுவும் டோவாப்ளான்தான், 1990. கப்பல் கிடையாது, நடந்து போற சிப்பாய், திரை தானா நகராது, நீங்க முன்னாடி போனாத்தான் போகும். அப்போ பயந்தவன் ஒரு மூலைல நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தனா சுட்டுட்டு இருக்கலாமேன்னு தோணும்ல? அதுக்குத்தான் ஒரு எனர்ஜி மீட்டர் வச்சிருக்காங்க, அது குறைஞ்சுட்டே இருக்கும், வழியில கெடக்கிறத எடுத்தாத்தான் ஏறும், தீந்துட்டா யாரும் சுடாமலே செத்துடுவீங்க. மெதுவா ஆடாதன்னு திட்ட வேண்டிய எடத்துல ஒரே ஒரு மீட்டர வச்சு வேலைய முடிச்சுட்டாங்க. இந்த மாதிரி எடத்த பாத்தா கேம் செய்யறது ஒரு தொழில்னு புரியும்.

முஸ்தஃபா கேம்க்கு வரேன். உங்க அண்ணன் சொல்றது கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், கேப்காம், 1993. அதுல வர நாலு பேர்ல ஒருத்தன் பேர்தான் முஸ்தஃபா கைரோ, நம்ம ஊர் கேம் கடைல கேமுக்கே அந்த பேர் நின்னுடுச்சு. எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடைல நானும் நின்னிருக்கேன், கெடிலாக்னா கார்னு தெரிஞ்சதே ரொம்ப வருஷம் கழிச்சுதான். அது வேற ரகம், ஷூட்டர் இல்ல, நடந்து போய் அடிக்கிறது, 1989-ல வந்த ஃபைனல் ஃபைட் வழியில. அதுல உங்க புகார நான் முக்கால்வாசி ஒத்துக்கறேன். பாஸ் வந்தா சுத்தி ஆள இறக்கி விடுவான், நீங்க விழுந்து எழுந்திரிக்கிறதுக்குள்ள அடுத்தவன் மிதிப்பான், அங்க நிஜமாவே காசுதான் கேக்குது. ஆனா அதுலயும் ஒரு கணக்கு இருக்கு, அடிக்கிற பட்டனையும் குதிக்கிற பட்டனையும் சேர்த்து அமுக்கினா சுத்தி இருக்கிறவன எல்லாம் தூக்கி அடிப்பான், ஆனா அந்த அடி எதிரி மேல பட்டா நம்ம லைஃப்ல கொஞ்சம் போகும். எப்போ சொந்த ரத்தத்த செலவு பண்றதுங்கிறதுதான் அந்த ஆட்டம். பின்னாடி நின்னு வேடிக்க பாக்கிறவன் 'ரெண்டையும் அமுக்குடா'ன்னு கத்துவான், கத்துறவன் லைஃப் இல்லையே அது.

இதெல்லாம் ஏன் போச்சுன்னு நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லிடறேன். 1991-ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்துச்சு. ரெண்டு பேர் எதிரெதிரா ஆடுவாங்க, ஒவ்வொரு ஆட்டத்துலயும் யாராவது ஒருத்தன் தோத்துத்தான் ஆகணும், தோத்தவன் மறுபடி காசு போடுவான். அதே நேரத்துல நல்லா ஷூட்டர் ஆடுற ஒருத்தன் ஒரே 100 யென் போட்டுட்டு அரை மணி நேரம் பெட்டிய அடைச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். கடைக்காரர் எத வாங்குவாரு? நீங்க காசு புடுங்கின்னு சொன்ன ஷூட்டர், காசு பத்தலன்னுதான் கடையிலருந்து போச்சு தம்பி.

டோவாப்ளான் 1993-ல பாட்சுகுன்னு ஒண்ணு விட்டாங்க. புல்லட் எக்கச்சக்கம், ஆனா மெதுவா வரும், கப்பல்ல நடுவுல ஒரு சின்ன எடத்துல பட்டாத்தான் சாவு, றெக்கைல உரசினா ஒண்ணும் ஆகாது. பாக்க பயமா இருக்கும், ஆடினா மழைல குடை இல்லாம சந்து சந்தா நனையாம போற மாதிரி ஒரு சுகம். அடுத்த வருஷமே கம்பெனி திவால். அங்கருந்து போனவங்கதான் கேவ் ஆரம்பிச்சு 1995-ல டொன்பாச்சி விட்டது, இப்போ புல்லட் மழைன்னு சொல்ற வகை மொத்தமும் அந்த வீட்டுப் புள்ளைங்க. இரெம் கம்பெனிலயும் இதே கதை, 1993-ல கைட்டெய் தைசென்சோன்னு நீர்மூழ்கிக் கப்பல் கேம் செஞ்சவங்க வெளிய போய் நாஸ்கான்னு ஆரம்பிச்சு 1996-ல மெட்டல் ஸ்லக் விட்டாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சு வெடிக்கிறத மட்டும் பாருங்க, ஒரே கை வரைஞ்சதுன்னு தெரியும்.

நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. காசு பட்டன ஒரு தடவ தட்டுங்க, செத்துட்டா மூடிட்டு டீ குடிக்க போங்க, அடுத்த நாள் வந்து மறுபடி ஒண்ணு. ஆட்டத்த நடுவுல சேமிச்சு வச்சு அங்கருந்தே திரும்ப ஆடுற சேவ் ஸ்டேட் வேணாம், கை வைக்காதீங்க. ஒரு வாரத்துல ரெண்டாவது ஸ்டேஜ் போறீங்களான்னு பாப்போம். அப்பவும் போர் அடிச்சா எழுதுங்க, நான் வாதாட மாட்டேன், எல்லாருக்கும் எல்லாம் புடிக்கணும்னு என்ன.

கடைசி கேள்விக்கு பதில்: இல்ல. 45 வயசாகுது, அவுட் சோன ஒரே காசுல முடிக்கணும்னு பல வருஷமா ஆசை, அஞ்சாவது ஸ்டேஜ தாண்டினதில்ல. ராய்டன் 2 அதுக்கும் கம்மி, நாலு. நேத்து ராத்திரி உங்க கடிதத்த படிச்சிட்டு வீம்புக்கு ஒரு ஆட்டம் போட்டேன், மூணாவது ஸ்டேஜ்ல வலது ஓரத்துல கட் அடிக்க மறந்து, கையில மூணு பாம்ம அப்படியே வச்சுக்கிட்டு செத்தேன்.