மகன் பையில் இருந்த நாவல்

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகனின் பையில் 'சைமன் வெர்சஸ் த ஹோமோ சேப்பியன்ஸ் அஜெண்டா' என்ற ஆங்கில நாவல் இருந்தது. ஒரு பையன் இன்னொரு பையனை விரும்பும் கதை என்று பின்னட்டையில் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. என் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். டாக்டரிடம் காட்டலாம், இல்லாவிட்டால் ஏற்காட்டில் விடுதிப் பள்ளியில் சேர்க்கலாம் என்கிறார். கணவருக்குத் தெரியாது. மகனிடமே கேட்டுவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: கேட்காதீர்கள். முதலில் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

அது பெக்கி ஆல்பர்டல்லி 2015இல் பதின்வயதினருக்காக எழுதிய நாவல். எழுத வருவதற்கு முன் அவர் உளவியலாளராக இருந்தவர். கதை நாயகன் சைமனுக்கு வயது 16, தன்பாலீர்ப்பு உள்ளவன். முகம் தெரியாத ஒரு மாணவனிடம் மட்டும் மின்னஞ்சலில் மனம்விட்டுப் பேசுகிறான். பள்ளிக் கணினியில் அவன் மூடாமல் விட்டுப்போன அந்தக் கடிதங்களை இன்னொருவன் படித்துவிடுகிறான். அதை வைத்தே மிரட்டிக் காரியம் சாதிக்கப் பார்க்கிறான். கடைசியில் எல்லாருக்கும் தெரியும்படி போட்டும் உடைக்கிறான். தான் சொல்ல வேண்டியதை வேறொருவன் சொல்லிவிட்டானே என்ற ஆற்றாமைதான் சைமனை அதிகம் வாட்டுகிறது. பையைத் திறந்ததையும் அண்ணனிடம் சொன்னதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பயத்தில் செய்தீர்கள், புரிகிறது. ஆனால் இதோடு நிற்கட்டும்.

ஒரு நாவலைப் படித்ததால் உங்கள் மகன் இன்னார் என்று முடிவுகட்ட முடியாது. நண்பனைப் புரிந்துகொள்ளப் படித்திருக்கலாம், வெறும் ஆர்வமாகவும் இருக்கலாம். ஒருவேளை நீங்கள் நினைப்பதே உண்மை என்றாலும், அது புத்தகத்திலிருந்து தொற்றிக்கொண்டதல்ல.

டாக்டர் எதற்கு? உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை தரும் முயற்சிகளுக்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை விதித்தார். அந்த வழக்கின்போது அவரே ஓர் உளவியலாளரிடம் சென்று தன் தயக்கங்களைப் பேசித் தெளிவு பெற்றார். நீதிபதிக்கே அது தேவைப்பட்டிருக்கிறது. உங்களுக்கும் உங்கள் அண்ணனுக்கும் தேவைப்பட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஏற்காடு யோசனையை மறந்துவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் மனம் மாறிவிடுமா என்ன? ப்ளஸ் ஒன் நடுவில் வீட்டைவிட்டு அனுப்பினால், குற்றம் இன்னதென்று தெரியாமலே அவன் தண்டனையை அனுபவிப்பான்.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. அந்த நாவலில் சைமனின் அப்பா கேலிப் பேச்சுக்காரர். அவர் வேடிக்கையாகச் சொல்வது மகனைக் குத்துகிறது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு உங்கள் வீட்டிலும் உறவினர்கள் கூடுவார்களே, அப்போது யாராவது ஓர் ஆணின் நடையையோ பேச்சையோ கிண்டல் செய்தால், "அது அவரவர் இயல்பு, விடுங்கள்" என்று சொல்லுங்கள். மகன் காதில் விழும்படி சொன்னால் போதும், அவன் முகத்தை ஆராய வேண்டாம்.

கணவரிடம் இப்போது சொல்லாதீர்கள். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் அவர் அதை மகன் வாயால்தான் கேட்க வேண்டும். அண்ணனுக்கு இன்றே போன் செய்து, "அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், யாரிடமும் பேச வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் அவர் அண்ணியிடம் சொல்லியிருந்தால், அவரிடமும் நீங்களே பேசிவிடுங்கள்.