பன்றியைச் சுடலாமா, கிளியை வளர்க்கலாமா? வேட்டைச் சட்டம் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

வனத்துறையில் வனவராகச் சேர்ந்து வனச்சரகராக ஓய்வு பெற்றவன் நான். வேலைக்காலம் முழுக்கக் காட்டோர ஊர்களில்தான் கழிந்தது. வேட்டை, வனவிலங்குப் பாதுகாப்பு பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (தாளவாடிப் பக்கம் ஒரு விவசாயி): ஐயா, மூன்று ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருந்தேன். ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் உழுதுவிட்டுப் போய்விட்டது. தமிழ்நாட்டில் பன்றியைச் சுட அரசே அனுமதி கொடுத்துவிட்டது என்கிறார்கள். நானே சுடலாமா?

பதில்: கூடாது. அனுமதி கொடுத்தது உண்மை, ஆனால் அது உங்களுக்கோ எனக்கோ கொடுத்தது இல்லை. 2025 ஜனவரியில் வந்த முடிவு இதுதான். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை, பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்து பயிரை அழிக்கும் பன்றியைத்தான் சுடலாம். அதையும் வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும்.

உங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் காடு. அநேகமாக உங்கள் நிலம் முதல் வளையத்துக்குள் வரும். அதாவது அதிகம் அடிபடுகிற உங்களுக்கு இந்த ஆணையால் பெரிய பயன் இல்லை. இது எனக்கும் வருத்தம்தான். ஆனால் காட்டை ஒட்டிச் சுடுவதைத் தடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. புலிக்கும் செந்நாய்க்கும் பன்றி இரை. இரை குறைந்தால் அவை மாட்டுப்பட்டியைத் தேடி வரும்.

உங்களுக்கு மிச்சமிருக்கும் வழி இழப்பீடுதான். சேதமான அன்றே போட்டோ எடுங்கள். சிட்டா, அடங்கலோடு சரக அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் கால்தடமும் இருக்காது, மூக்கால் கிளறிய மண்ணும் காய்ந்திருக்கும். பார்வையிட வருபவர் என்னவென்று எழுதுவார்? ஒரு மக்காச்சோளப் போகத்துக்கான இழப்பீடு அடுத்த போகம் முடிந்த பிறகு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். சுடாதே என்று சொல்லும் அரசு, பணத்தை விதைப்புக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும். பதவியில் இருந்தபோதும் இதைச் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

கேள்வி (பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்): கேரளாவில் பஞ்சாயத்துத் தலைவரே பன்றியைச் சுட உத்தரவு போடுகிறாரே, இங்கே ஏன் இல்லை?

பதில்: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, உயிருக்கோ பயிருக்கோ ஆபத்தான விலங்கைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரத்தை மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குக் கொடுக்கிறது. பன்றி போன்ற இரண்டாம் அட்டவணை விலங்குகள் என்றால், அவர் அதிகாரம் அளித்த அலுவலரும் அனுமதிக்கலாம். அந்த வழியில்தான் கேரளா 2022இல் உள்ளாட்சித் தலைவர்களைக் கொண்டுவந்தது. துப்பாக்கி உரிமம் உள்ளவர்கள் சுடுகிறார்கள்.

கேரளா உண்மையில் கேட்டது வேறு. பன்றியைத் 'தீங்குயிரி' என்று அறிவிக்கச் சொன்னது. 62ஆம் பிரிவின்படி அந்த அதிகாரம் மத்திய அரசிடம் மட்டும் இருக்கிறது. அப்படி அறிவித்தால் அந்த இடத்தில், அந்தக் காலத்துக்கு, அந்த விலங்குக்குப் பாதுகாப்பே கிடையாது. பீகாரில் நீலமானுக்கும் பன்றிக்கும் அப்படி அறிவித்தார்கள். 2016இல் மொகாமா பகுதியில் ஹைதராபாத்திலிருந்து ஆட்களை வரவழைத்துச் சில நாட்களில் 200க்கும் மேற்பட்ட நீலமான்களைச் சுட்டுத் தள்ளினார்கள். சேதம் செய்தது எது, வெறுமனே மேய்ந்தது எது என்று அங்கே யார் பார்த்திருப்பார்கள்? நம் மூன்று வளைய முறை மெதுவானதுதான். இருந்தாலும் அதுவே மேல் என்பது என் கருத்து.

கேள்வி (தர்மபுரி மாவட்டத்திலிருந்து): சுடத்தானே கூடாது. என் நிலத்தைச் சுற்றிக் கம்பி கட்டிக் கரண்ட் விட்டால்? எங்கள் பக்கம் சிலர் அவுட்டுக்காயும் வைக்கிறார்கள்.

பதில்: தம்பி, இரண்டையும் தொடாதீர்கள். சட்டத்தில் வேட்டை என்றால் துப்பாக்கி மட்டும் இல்லை. விஷம் வைப்பது, கண்ணி, சுருக்கு, பொறி, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கெல்லாம் முயற்சி செய்வது, எல்லாமே வேட்டைதான். பறவைக் கூட்டைக் கலைப்பதுகூட அதில் வரும்.

2023 மார்ச்சில் உங்கள் மாவட்டத்திலேயே மாரண்டஹள்ளி அருகே நடந்தது நினைவிருக்கும். பயிரைக் காக்கக் கட்டிய மின்கம்பியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தப்பி, செத்துக் கிடந்தவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன. கம்பி கட்டியவர் யானையைக் கொல்ல நினைத்திருக்க மாட்டார். ஆனால் கம்பிக்குப் பன்றி எது, யானை எது என்று தெரியாது. விடிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து நிலத்துக்காரரையும் தெரியாது. என் சரகத்தில் அப்படி ஒரு மனிதரின் உடலுக்கு மகஜர் எழுதும்போது நின்றிருக்கிறேன். கம்பி கட்டியவர் அவருடைய சொந்தப் பங்காளி.

அவுட்டுக்காய் இன்னும் கொடூரம். பழத்துக்குள்ளோ கொழுப்புக்குள்ளோ வெடிமருந்தை வைத்துப் போடுகிறார்கள். கடித்ததும் வாய் சிதறும். ஆனால் விலங்கு உடனே சாகாது, தின்ன முடியாமல் நாள்கணக்கில் அலைந்து சாகும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர்விட்டது இதனால்தான். மேய்ச்சலுக்குப் போன கறவைப் பசுக்களும் இதைக் கடித்திருக்கின்றன.

வேலி வேண்டுமென்றால் முறைப்படி போடுங்கள். தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகள் 2023இல் வந்திருக்கின்றன. சூரிய மின்வேலியில் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பாகப் பாயும். சுள்ளென்று அடிக்கும், கொல்லாது. வனத்துறையில் அனுமதி வாங்கித் தரமான கருவியை வையுங்கள். வீட்டு லைனிலிருந்து நேராக இழுத்தால் வேட்டைக் குற்றம், மின்திருட்டு என இரண்டு வழக்கு. ஆள் செத்தால் மூன்று.

கேள்வி (வால்பாறையிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி): சிறுத்தை பாய்ந்துவிட்டது, கையில் கத்தி இருக்கிறது. அடித்தால் ஜெயிலா சார்?

பதில்: இல்லை அம்மா. உங்களையோ இன்னொருவரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு விலங்கைக் காயப்படுத்தினாலும், அது செத்தே போனாலும், குற்றம் இல்லை. 11ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. ஒரே நிபந்தனை, அந்த நேரத்தில் நீங்கள் இதே சட்டத்தை மீறிக்கொண்டிருக்கக் கூடாது. கண்ணி வைக்கப் போன இடத்தில் சிறுத்தை பாய்ந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. செத்த விலங்கு அரசுச் சொத்து. தோல், நகம், மீசை எதையும் யாரும் எடுக்கவிடாமல் உடனே தகவல் சொல்லுங்கள்.

கேள்வி (கூடலூரிலிருந்து): நான்கு பேரைக் கொன்ற டி23 புலியைச் சுடாமல் மூன்று வாரம் இழுத்தடித்தது நியாயமா?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. அந்த நாட்களில் மசினகுடிப் பக்கம் ஆட்கள் வேலைக்குப் போகவே பயந்தார்கள். 2021 அக்டோபர் தொடக்கத்தில் வேட்டை உத்தரவு வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் உடனடியாகக் கொன்றுவிட வேண்டாம் என்றது. கும்கி, நாய், ட்ரோன் எல்லாம் வைத்துத் தேடி, அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள்.

புலி போலச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணை விலங்கை, பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று எழுத்தில் பதிவு செய்த பிறகுதான் கொல்ல உத்தரவிட முடியும். அதற்காக எப்போதும் உயிரோடுதான் பிடிப்பார்கள் என்றில்லை. 2014 ஜனவரியில் தொட்டபெட்டா பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலியைச் சுட்டார்கள்.

தாமதத்துக்கு இன்னொரு காரணம், எது அந்தப் புலி என்று உறுதி செய்வது. உடல் வரிகளைக் கேமரா படத்தோடு ஒப்பிட வேண்டும். அவசரத்தில் வேறொரு புலியைச் சுட்டிருந்தால், கொன்ற புலி தேயிலைக்குள் இருந்துகொண்டே இருந்திருக்கும், ஊரோ ஆபத்து நீங்கியது என்று நம்பி வேலைக்குப் போயிருக்கும். தாமதம் நியாயமா என்று கேட்டால், தேடுதல் நியாயம். அத்தனை நாளும் கூலி இழந்தவர்களை யாரும் கணக்கில் எடுக்காதது நியாயம் இல்லை.

கேள்வி (வாழப்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி மாணவர்): எங்கள் ஊரில் பொங்கலுக்கு வங்காநரி பிடித்து ஓடவிடுவது பாட்டன் காலத்து வழக்கம். கொல்வது இல்லை, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறோம். இதற்கும் அபராதமா?

பதில்: ஆமாம். வலை போட்டுப் பிடிப்பதே வேட்டை, கொன்றால்தான் என்று இல்லை. நரி முகத்தில் விழித்தால் ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் உங்கள் பக்கத்துக் கரடுகளில் இன்னும் வங்காநரி மிஞ்சியிருக்கிறது என்றுகூட நினைக்கிறேன். ஆனால் வாயைக் கட்டி, மேளச் சத்தத்துக்கு நடுவே இழுத்து ஓட்டினால் அந்தச் சின்ன உயிர் நடுங்கிப்போகிறது. விட்ட பிறகு அது பிழைத்ததா என்று யார் போய்ப் பார்த்தோம்? நரி பொம்மையை வைத்துச் சடங்கை நடத்தலாமே. ஊர்ப் பெரியவர்களிடம் நீங்கள் பேசினால் கேட்பார்கள். அதிகாரி போய்ச் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

பாரிவேட்டை என்று முயலுக்குக் கிளம்புகிற ஊர்களுக்கும் இதே பதில்தான். முயலும் பாதுகாக்கப்பட்ட விலங்கு.

கேள்வி: பச்சைக்கிளி வளர்க்கலாமா?

பதில்: கூடாது. முனியாவும் மைனாவும் அப்படியே. கூண்டில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: மயிலிறகு விற்கிறார்களே?

பதில்: தானாக உதிர்ந்த இறகை நாட்டுக்குள் வைத்திருக்கவும் விற்கவும் விலக்கு உண்டு, ஏற்றுமதி செய்யக் கூடாது. மயிலைக் கொன்று பிடுங்கியது என்று தெரிந்தால், அது முதல் அட்டவணைக் குற்றம். குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரை போகலாம். அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

கேள்வி (நீலகிரியிலிருந்து ஒரு பழங்குடி இளைஞர்): துரைமார்கள் சுட்டுக் குவித்தார்கள். இப்போது ஒரு முயல் பிடித்தால் எங்கள் ஆட்களைப் பிடிக்கிறீர்கள். இது என்ன சட்டம் அண்ணா?

பதில்: நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நீலகிரியில் வேட்டையைக் கட்டுப்படுத்த 1879லேயே சட்டம் போட்டார்கள். வேட்டைப் பிரியர்களுக்குச் சுட விலங்கு தீர்ந்துவிடக் கூடாது என்பதுதான் அதன் பின்னால் இருந்த முக்கிய எண்ணம். சுதந்திரத்துக்குப் பிறகும் உரிமம் வாங்கிப் புலி சுட்டார்கள். 1972 சட்டத்தில்கூட முதலில் உரிமத்தோடு வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தத்தில்தான் அது போனது.

2006 வன உரிமைச் சட்டம் உங்களுக்கு நிலமும், தேன், கிழங்கு போன்ற சிறு வன மகசூலும் உரிமையாகக் கொடுத்தது. வேட்டையை மட்டும் பெயர் சொல்லியே விலக்கிவிட்டது. நிக்கோபார் பழங்குடிகளுக்கு மட்டும் 1972 சட்டம் வேட்டை உரிமையை விட்டுவைத்திருக்கிறது.

வழி காட்டாமல் தடை போடுவது தவறு என்பதற்கு இருளர்களே உதாரணம். பாம்புத்தோல் வியாபாரம் 1970களில் நின்றபோது அவர்கள் பிழைப்பு போனது. 1978இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துத் திரும்ப விடும் முறை வந்தது. நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் பெரிய ஆதாரம். அதே அறிவைக் குற்றம் என்று ஒதுக்கியிருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும்! உங்கள் ஊர் இளைஞர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருக்கிறார்கள். காட்டை அவர்களைப் போல வாசிக்க எனக்குக் கடைசிவரை வரவில்லை. அந்த வேலையை நிரந்தரமாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை.

கேள்வி (ராமநாதபுரம், மீனவர்): கடல் அட்டை வலையில் தானாக ஏறுகிறது. இலங்கையில் உரிமம் கொடுக்கிறார்கள், இங்கே சிறை.

பதில்: இங்கே 2001இலிருந்து தடை. அட்டை கடலடி மண்ணைத் தின்று சுத்தம் செய்யும் உயிர். ஏற்றுமதிக்காக வாரி எடுத்ததில் குறைந்துபோனது. தெரியாமல் ஏறியதை உயிரோடு உடனே கடலில் விட்டுவிடுங்கள், காய வைத்து வைத்திருப்பதுதான் உங்களைச் சிக்க வைக்கும். இத்தனை ஆண்டுத் தடைக்குப் பிறகு எண்ணிக்கை எப்படி இருக்கிறது என்று கணக்கெடுத்து, முடிவை மீனவர்கள் முன்னால் வைக்க வேண்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: ரோட்டில் லாரி அடித்துப் போட்ட மான். நாங்கள் கொல்லவில்லை. கறி வீணாகப் போகிறதே, எடுக்கலாமா?

பதில்: கூடாது. அதுவும் அரசுச் சொத்துதான். எடுத்தால் அடித்த லாரிக்காரர் தப்பிவிடுவார், கறி வைத்திருக்கும் நீங்கள் மாட்டுவீர்கள். ஓரமாக இழுத்துப் போட்டு, பக்கத்தில் உள்ள வனத்துறைச் சோதனைச்சாவடியிலோ காவல் நிலையத்திலோ சொல்லுங்கள். பெண் மான் என்றால் சுற்றிலும் ஒரு பார்வை பாருங்கள். புதருக்குள் குட்டி நின்றுகொண்டிருக்கும்.