கேரவன் கூரையில் சூரியத் தகடு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஜொகூரில் கேரவன் நிறுத்தி வைத்திருப்பவர்கள், ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளோடு சில மாதங்கள் தங்கப்போகிறவர்கள் எனச் சிங்கப்பூர் நண்பர்கள் பலர் கேட்டவை இவை. நான் மின்பொறியாளர்; கேரவன், கேம்பர்வேன் கூரைகளில் தகடு பொருத்தும் வேலையை விரும்பிச் செய்து வருகிறேன்.

தெம்பனிஸ் வாசகி: நானும் கணவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். பெர்த்தில் மகள் வீட்டில் பழைய கேரவன் ஒன்று நிற்கிறது. எத்தனை வாட் தகடு வாங்கலாம்?

அக்கா, கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். எந்தப் பொருள் எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதிப் பெருக்குங்கள். 12 வோல்ட் கம்ப்ரஸர் குளிர்பெட்டி ஓடும்போது சுமார் 4 ஆம்பியர், அதாவது 48 வாட், இழுக்கும். வெயில் நாளில் பாதி நேரம், அதாவது 12 மணி நேரம், ஓடினால் ஏறத்தாழ 580 வாட் மணி. விளக்கு, கைப்பேசி, சிறு மின்விசிறி சேர்த்தால் 750 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வெயிலுக்கு ஈடாக நாளுக்கு 4 மணி நேரம் கிடைத்து, வெப்பத்திலும் வயரிலும் போகிற இழப்பைக் கழித்தால், 200 வாட் தகடு 560 வாட் மணி அளவில் தரும். உங்களுக்கு 300 வாட்டுக்குக் குறையக் கூடாது. குளிர்காலத்திலும் தங்குவதாக இருந்தால் 400.

உட்லண்ட்ஸ் வாசகர்: கூரையில் துளை போட மனம் வரவில்லை, அண்ணா. பசையால் ஒட்டிவிட்டால் போதாதா?

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தகடு கெட்டால் இன்னொன்று வாங்கலாம். கூரைக்குள் தண்ணீர் இறங்கி மரச்சட்டம் உளுத்துப்போனால் கேரவனே போய்விடும். உள்கூரையில் கறை தெரிகிற நாளில் உள்ளே மரம் எப்போதோ அழுகத் தொடங்கியிருக்கும்.

முதலில் கூரை எதனால் ஆனது என்று பாருங்கள். கண்ணாடி இழை அல்லது அலுமினியக் கூரை என்றால், நன்றாகத் துடைத்து, லேசாகத் தேய்த்து, அந்தப் பசைக்குரிய பிரைமர் பூசி, பாலியூரித்தேன் வகைப் பசையால் (சிக்காஃப்ளெக்ஸ் 252 போன்றது) தாங்கிகளை ஒட்டலாம், நன்றாகவே பிடிக்கும். அந்தப் பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகும். நம் பக்கத்து ஈரக்காற்று அதற்கு உதவும் என்றாலும், ஒட்டிய அன்றே வண்டியை எடுக்காதீர்கள்.

ரப்பர் விரிப்புக் கூரைக்கு இந்த வழி ஆகாது. பசை பிடிப்பது விரிப்பை மட்டுமே. விரிப்போ அடியில் மெல்லிய பலகையில் ஒட்டியிருப்பது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 57 கிலோ எடைக்குச் சமம். காற்று தகட்டின் முன்விளிம்புக்கு அடியில் புகுந்து தூக்கினால் விரிப்போடு கிளம்பிவிடும். பின்னால் வருகிற மோட்டார்சைக்கிள்காரரை நினைத்துப் பாருங்கள். அங்கே திருகாணிதான் வேண்டும், அதுவும் சட்டத்தின் மேல். சட்டம் எங்கே ஓடுகிறது என்பதைத் தயாரிப்பாளரின் வரைபடத்திலிருந்தோ, காந்தத்தை நகர்த்தி உள்ளே இருக்கும் ஆணிகளைக் கண்டோ குறித்துக்கொள்ளுங்கள். துளைப்பான் முனையில் ஆழத்துக்கு அடையாளமாக டேப் சுற்றிக்கொண்டால் உள்கூரை தப்பும். தாங்கிக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா), துளைக்குள் அடைப்பான் (நீர்க்கசிவைத் தடுக்கும் பசை), திருகாணித் தலைக்கு மேலும் அடைப்பான் என மூன்று இடத்திலும் இட வேண்டும். மேலே இடுவது ரப்பர் கூரைக்கென்றே வருகிற, தானாகப் பரவும் வகையாக இருக்கட்டும்.

குளியலறை சிலிக்கானை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அதன் மிச்சம் இருக்கிற இடத்தில் பிறகு வேறெந்த அடைப்பானும் ஒட்டாது.

பொங்கோல் வாசகர்: வளையும் தகடு எடை குறைவு, பார்க்கவும் அழகாக இருக்கிறதே?

எடை குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூரையோடு படிய ஒட்டினால் அடியில் காற்று போகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் தகடு தன் திறனில் சுமார் 0.35 முதல் 0.4 விழுக்காடு இழக்கிறது. 65 டிகிரியில் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏழில் ஒரு பங்கு போய்விடும். கூரையோடு ஒட்டிய தகடு அதற்கும் மேல் சுடும், ஆயுளும் குறையும். நான் சட்டமிட்ட கண்ணாடித் தகட்டைத்தான் பரிந்துரைப்பேன். 200 வாட் தகடு 10 முதல் 12 கிலோ வரும். அடியில் மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

அதே தெம்பனிஸ் வாசகி: தகட்டைச் சாய்த்து வைக்க வேண்டுமா?

இங்கேயும் ஜொகூரிலும் தேவையில்லை. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிகூட வடக்கே இல்லை. நண்பகல் சூரியன் ஆண்டு முழுதும் உச்சிக்கு அருகிலேயே நிற்கிறது. மழைநீர் தேங்காமல் அழுக்கை அடித்துக்கொண்டு போகும் அளவுக்குச் சரிவு இருந்தால் போதும். பெர்த் கதை வேறு. அங்கே ஜூன் மாத நண்பகல் சூரியன் வடக்கு வானில் 35 டிகிரி உயரத்துக்குத்தான் வரும். படுக்கவைத்த தகடு அப்போது சுமார் 40 விழுக்காட்டு வெயிலைத் தவறவிடும். தூக்கிச் சாய்க்கும் தாங்கி வாங்கி, நிறுத்தியிருக்கும்போது வடக்கு நோக்கிச் சாய்த்துவிடுங்கள். கிளம்புமுன் இறக்க மறக்காதீர்கள்.

ஈசூன் வாசகர்: இரண்டு தகடுகளைத் தொடராக இணைப்பதா, பக்க இணைப்பா?

கூரையில் ஏர்கான் பெட்டியோ காற்றுத் துளை மூடியோ இருந்து, அதன் நிழல் ஒரு தகட்டில் மட்டும் விழுமானால் பக்க இணைப்பு. நிழலே இல்லை என்றால் தொடர் இணைப்பில் மின்னோட்டம் குறையும், வயரில் இழப்பும் குறையும். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே மின்னேற்றத்தைச் சீராக்கும் கட்டுப்படுத்தி எம்பிபிடி வகையாக (தகட்டின் உச்சத் திறனைத் தேடிப் பிடிப்பது) இருந்தால் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். கட்டுப்படுத்தியில் முதலில் பேட்டரியை இணைத்து, பிறகு தகட்டை இணைக்க வேண்டும். கழற்றும்போது தகடு முதலில். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் கட்டாயம், அதில் சமரசம் வேண்டாம்.

ஜூரோங் வாசகர்: இரவு முழுக்க ஏர்கான் ஓடுமா?

ஓடாது. 1,000 வாட் ஏர்கான் 8 மணி நேரம் ஓடினால் 8,000 வாட் மணி. கூரையை நிரப்பி 800 வாட் போட்டாலும் நாளுக்கு 2,200 அளவில்தான் வரும். முகாம் தளத்தில் மின்இணைப்பு எடுங்கள்.

செங்காங் வாசகி: நியூசிலாந்தில் வாடகைக் கேம்பர்வேன் எடுக்கிறோம். அதில் தகடு பொருத்தலாமா?

வாடகை வண்டியில் துளையும் வேண்டாம், பசையும் வேண்டாம். மடக்குத் தகடு ஒன்றைப் புல்வெளியில் விரித்து வையுங்கள். அதோடு பயன்படுத்துவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால், அது பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மின்னேற்றக் கூடாது, செல் கெட்டுவிடும். குவீன்ஸ்டவுன் குளிர்காலக் காலைகளில் பேட்டரியை வண்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.

அங் மோ கியோ வாசகர்: சிங்கப்பூரில் பதிவான என் வேனின் கூரையில் பொருத்தலாமா?

வேலையைத் தொடங்குமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தம்பி. வாகன மாற்றங்களில் ஒப்புதல் தேவைப்படாதவை, தேவைப்படுபவை, அறவே அனுமதிக்கப்படாதவை என மூன்று வகை உண்டு. காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். அதோடு தாங்கி, தகடு இரண்டும் சேர்ந்த புதிய உயரத்தை அளந்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் உயரத் தடுப்புக் கம்பி முதலில் இடிப்பது தகட்டின் முன்விளிம்பைத்தான்.