கிளியோபிளாஸ்டோமா: சிகிச்சை முடிந்த பின்னும் அப்பா தளர்வது ஏன்?

குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு அழைத்துச் சென்று அறுவையும் கதிர்வீச்சும் முடித்த பிறகும் தந்தையார் நாளுக்கு நாள் தளர்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுக்கட்டியின் செல்கள் ஸ்கேனில் தெரியும் எல்லையைத் தாண்டி நல்ல மூளைத் திசுவுக்குள் வேர்போல் ஊடுருவியிருப்பதால், கட்டியை எவ்வளவு கவனமாக அகற்றினாலும் சில எஞ்சிவிடுகின்றன; 6 வாரக் கதிர்வீச்சும் டெமோசோலோமைடு என்னும் புற்றுநோய் மாத்திரையும் அவற்றை அடக்கிவைக்கின்றனவே தவிர, முற்றிலும் அழித்துவிடுவது மிக அரிது. ஆயினும் எல்லாத் தளர்ச்சியையும் கட்டி திரும்பியதன் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். கதிர்வீச்சு முடிந்த முதல் 3 மாதங்களில், சிகிச்சையால் வந்த வீக்கமே ஸ்கேனில் கட்டி வளர்ந்ததுபோலத் தோன்றலாம். மூளை வீக்கத்தைக் குறைக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோனை நீண்ட நாள் உட்கொண்டால் தொடைத் தசைகள் வலுவிழந்து, தரையில் அமர்ந்தவரால் எழ முடியாமற்போகலாம். அதற்காக அம்மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்தாகலாம். பகலெல்லாம் உறக்கமும் விழுங்குவதில் திணறலும் கூடிவந்தால், மருத்துவரிடம் சொல்வதோடு வலியையும் பிற தொல்லைகளையும் தணிக்கும் சிகிச்சைக் குழுவையும் தாமதியாமல் அணுகுங்கள்.